விஸ்கியைப் பதமாக்கிய வியாபாரி ஷின்ஜிரோ தோரி

பீர் குடித்துப் பழகிய ஒருவர் முதன்முறையாக விஸ்கியை வாயில் வைத்தால் முகத்தைச் சுளிக்கிறார். தொண்டை எரிகிறது, மூக்கில் காரம் ஏறுகிறது. இதையா இத்தனை விலை கொடுத்துக் குடிக்கிறார்கள் என்று வியக்கிறார். இப்படிப்பட்ட புதியவருக்கு முதலில் எந்த விஸ்கியைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? சிறிய கேள்வியாகத் தோன்றும் இதற்கு விடை காணத் தம் செல்வம் முழுவதையும் பணயம் வைத்தவர் ஒருவர் ஜப்பானில் வாழ்ந்தார். அவர்தான் ஒஸாகா நகரத்து வியாபாரி ஷின்ஜிரோ தோரி. இன்று 'ஸன்டோரி' என்ற பெயரில் உலகமெங்கும் அறியப்படும் நிறுவனம் அவர் தொடங்கிய சிறு கடையிலிருந்து வளர்ந்ததே.

மருந்துக் கடையில் வேலை

தோரி 1879-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஒஸாகாவில் பிறந்தார். தந்தையார் நாணயம் மாற்றும் தொழில் செய்தவர். பதின்மூன்றாம் வயதில் மகனை மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார். கடை இருந்த தோஷோமாச்சி என்னும் இடம் மருந்து வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. அந்தக் கடையில் மருந்துகளோடு மேல்நாட்டு ஒயின், பிராந்தி, விஸ்கி ஆகியவையும் விற்பனையாயின.

மருந்துகளை எடை போடுவது, கரைப்பது, கலப்பது, வாசனை பிடித்து இனம் காண்பது எல்லாம் அந்தச் சிறுவனுக்குக் கைவந்தன. அன்று பெற்ற பயிற்சியே கடைசி வரை அவருடைய மூலதனமாக இருந்தது. பிற்காலத்தில் அவரை 'ஒஸாகாவின் மூக்கு' என்றே அழைத்தார்கள். கலவையில் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் முகர்ந்தே சொல்லிவிடக் கூடியவர் என்று பெயர் எடுத்தார்.

புளித்த ஒயினும் இனித்த ஒயினும்

1899-ம் ஆண்டு, இருபதாவது வயதில், தோரி சொந்தக் கடை திறந்தார். ஸ்பெயின் நாட்டு ஒயினை வரவழைத்து விற்றார். நல்ல சரக்குதான், ஆனால் வாங்குவார் இல்லை. ஜப்பானியரின் நாக்குக்கு அதன் புளிப்பும் துவர்ப்பும் ஒத்துவரவில்லை.

வேறொருவராக இருந்தால் மக்களுக்கு ருசி தெரியவில்லை என்று குறை கூறியிருப்பார். தோரி அப்படி எண்ணவில்லை. சரக்கிலும் குற்றமில்லை, மக்களிடமும் குற்றமில்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு படி வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. மருந்துக் கடையில் கற்ற வித்தை கைகொடுத்தது. இனிப்பையும் வாசனைப் பொருள்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தார். 1907-ம் ஆண்டு 'அகதாமா' என்ற இனிப்பு ஒயின் வெளிவந்தது. அகதாமா என்றால் சிவப்பு உருண்டை. உதிக்கும் சூரியனைக் குறிப்பது. இந்தச் சூரியனுக்குரிய ஆங்கிலச் சொல்லோடு தம் குடும்பப் பெயரைச் சேர்த்தே 'ஸன்டோரி' என்ற பெயரைப் பின்னாளில் அமைத்தார்.

அகதாமா விற்பனை பெருகியது. கடையின் பெயர் 'கோட்டோபுகியா' என்று ஏற்கெனவே மாறியிருந்தது. 1922-ம் ஆண்டு, தோள் தெரிய நிற்கும் பெண் ஒருத்தி கையில் ஒயின் கிண்ணத்துடன் காட்சியளிக்கும் விளம்பரப் படத்தை வெளியிட்டார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. விளம்பரத்தின் வலிமையை அந்நாளிலேயே உணர்ந்தவர் தோரி.

பீப்பாய் கற்பித்த பாடம்

அவர் விஸ்கியின் பக்கம் திரும்பியதற்கு ஒரு நிகழ்ச்சி காரணம் என்று சொல்லப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து மட்டமான சாராயம் கொஞ்சம் வந்து சேர்ந்தது. விற்க முடியாத அந்தச் சரக்கைப் பழைய ஒயின் பீப்பாய்களில் ஊற்றி ஒரு மூலையில் போட்டுவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது காரம் அடங்கி, நிறம் ஏறி, மணம் கூடியிருந்தது. அதைப் புட்டியில் அடைத்து 1919-ம் ஆண்டு 'டோரிஸ்' என்ற பெயரில் விற்றார். சரக்கு விரைவில் தீர்ந்துபோயிற்று.

விஸ்கியின் மென்மைக்குக் காலமும் மரமும் எவ்வளவு முக்கியம் என்பதைத் தோரி இதிலிருந்து தெரிந்துகொண்டார். வடித்து எடுத்த உடனே விஸ்கி தண்ணீரைப் போல் நிறமற்று, நெருப்பைப் போல் காரமாக இருக்கும். ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது மரம் தன் நிறத்தையும் இனிப்பான வாசனையையும் அதற்குக் கொடுக்கிறது, முரட்டுத்தனத்தை வாங்கிக்கொள்கிறது. ஒயினில் செய்ததைப் போல் இனிப்பைச் சேர்த்து இதை ஒரு நாளில் சாதிக்க இயலாது.

யாமஸாகியில் வடிசாலை

ஜப்பானிலேயே உண்மையான விஸ்கி வடிக்க வேண்டும் என்று தோரி கூறியபோது கம்பெனியில் இருந்தவர்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஒயினைக் கலந்தால் உடனே விற்கலாம். விஸ்கியோ இன்று வடித்தால் பல ஆண்டுகள் கழித்தே விலைக்கு வரும். அது வரை போட்ட பணமெல்லாம் பீப்பாய்க்குள் தூங்கும். விழித்தபின் நன்றாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அகதாமா ஈட்டித் தந்ததை எல்லாம் இதில் கொட்டுவது தற்கொலைக்குச் சமம் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். தோரி கேட்கவில்லை.

ஸ்காட்லாந்திலிருந்து நிபுணர் ஒருவரை வரவழைக்க எண்ணியிருந்தபோது, அங்கேயே தொழில் கற்றுத் திரும்பிய ஜப்பானியர் ஒருவர் உள்ளூரிலேயே இருப்பது தெரிந்தது. அவர் மஸதாகா தகெட்ஸுரு. ஹிரோஷிமா மாநிலத்தில் சாகே என்னும் அரிசி மது காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தவர். 1918-ம் ஆண்டு கப்பலேறி, ஸ்காட்லாந்து வடிசாலைகளில் நேரில் வேலை பார்த்துக் கற்று, ரீட்டா என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்து, 1920-ல் திரும்பியவர். அவரை அனுப்பிய கம்பெனி விஸ்கித் திட்டத்தையே கைவிட்டுவிட்டது. 1923-ல் தோரி அவரைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொண்டார். வெளிநாட்டு நிபுணருக்குக் கொடுக்க எண்ணியிருந்த சம்பளத்தை அப்படியே இவருக்குக் கொடுத்தார்.

இடம் பார்ப்பதிலேயே கருத்து வேற்றுமை எழுந்தது. ஸ்காட்லாந்தைப் போன்ற குளிர் நிறைந்த ஹொக்கைடோ தீவே ஏற்றது என்றார் தகெட்ஸுரு. வாங்குவோர் கண்ணில் படும்படி ஒஸாகாவுக்கு அருகில் இருக்க வேண்டும் என்றார் தோரி. தோரியின் எண்ணமே நிறைவேறியது. கியோட்டோவுக்கும் ஒஸாகாவுக்கும் நடுவே யாமஸாகி என்ற ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று ஆறுகள் கூடுமிடம். மூடுபனி தவழும் ஈரக் காற்று. தேநீர்க் கலைக்குப் பெயர் போன ஸென் நோ ரிக்யூ தேநீர்க் கூடம் அமைத்திருந்த அளவுக்கு நல்ல தண்ணீர். இரு நகரங்களுக்கும் இடையே ஓடும் ரயிலில் போகிறவர்கள் வடிசாலையைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

1924-ம் ஆண்டு நவம்பரில் வேலை தொடங்கியது. வண்டி வண்டியாகப் பார்லி உள்ளே போயிற்று. ஆண்டுகள் கடந்தும் எதுவும் வெளியே வரவில்லை. அதனால் அங்கே 'உஸுகே' என்ற பூதம் குடியிருந்து பார்லியைத் தின்கிறது என்று ஊரில் கதை கட்டினார்களாம். விஸ்கி என்ற சொல்லே அவர்கள் வாயில் பூதத்தின் பெயராகிவிட்டது.

புகை நாற்றம்

1929-ம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானின் முதல் விஸ்கி வெளிவந்தது. வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்ததால் அதற்கு 'ஷிரோபுதா' என்று பெயர். எத்தனையோ ஆண்டுக் கனவு அது. வாங்கிக் குடித்தவர்களோ கருகல் நாற்றம் அடிக்கிறது என்று வைத்துவிட்டார்கள்.

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. விஸ்கிக்குப் பார்லியை முளைகட்டி, பிறகு உலர்த்துவார்கள். ஸ்காட்லாந்தில் சில இடங்களில் இதற்குப் பீட் என்னும் சதுப்பு நிலத்து எரிமண்ணை எரிப்பார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, வடித்த பின்னும், பீப்பாயில் கிடந்த பின்னும் போகாமல் நிற்கும். பழகியவர்களுக்கு அதுவே தேவாமிர்தம். பழகாதவர்களுக்கு மருத்துவமனை வாசனையும் அடுப்புப் புகையும் சேர்ந்தது போலிருக்கும். தகெட்ஸுரு தாம் கற்றபடி, கலப்படமில்லாமல், புகையோடு செய்தார். அது ஸ்காட்லாந்துக்குச் சரி. சாகேயும் பீரும் குடித்துப் பழகியிருந்த ஜப்பானியருக்கு அது முதல் படியாக இல்லை; மாடிக்கே தூக்கிப் போட்டது போலாயிற்று. போதாததற்குச் சரக்கும் இளமையானது. ஐந்து வயதைக்கூடத் தாண்டாத விஸ்கியில் புகையும் காரமும் ஒன்றையொன்று தூண்டிவிட்டன.

இனிப்பு ஒயின் விஷயத்தில் ஜப்பானியரின் நாக்கைச் சரியாக அறிந்த தோரி, விஸ்கி விஷயத்தில் அதை மறந்தார் என்றே சொல்ல வேண்டும்.

பிரிவு

தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பணமில்லாமல் 1931-ம் ஆண்டு யாமஸாகியில் வடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. நன்றாக விற்றுக்கொண்டிருந்த பற்பொடித் தொழிலை 1932-ல் விற்றார். 1928-ல் யோகஹாமாவில் வாங்கிய பீர் தொழிற்சாலையும் கைகொடுக்கவில்லை. 'ஒரகா' என்ற பெயரில் மலிவாக பீர் விற்றுப் பார்த்தார். பெரிய கம்பெனிகளோடு போட்டி போட முடியாமல் 1934-ல் அதையும் விற்றார். இத்தனையும் விற்றவர் யாமஸாகியில் கிடந்த பீப்பாய்களை மட்டும் விற்கவில்லை.

யாமஸாகியில் இருந்த தகெட்ஸுருவை பீர் தொழிற்சாலைக்கும் பொறுப்பாளராக்கியிருந்தார்கள். விஸ்கிக்காகவே வாழ்ந்தவருக்கு அது பிடித்திருக்க வழியில்லை. ஒப்பந்தம் முடிந்தபின் 1934-ல் விலகி, தாம் முன்பே விரும்பிய ஹொக்கைடோவில், யோய்ச்சி என்ற ஊரில் தனி வடிசாலை கண்டார். விஸ்கி முதிரும் வரை ஆப்பிள் சாறு விற்றுக் காலம் தள்ளினார். பிற்காலத்தில் 'நிக்கா' என்று பெயர் பெற்றது அவருடைய கம்பெனியே.

இருவரில் யார் சரி என்று கேட்பது வீண். புகை நிறைந்த யோய்ச்சி விஸ்கியை உலகெங்கும் இன்று தேடி வாங்குகிறார்கள். ஆனால் அதைத் தேடுபவர்கள் விஸ்கியோடு பழகி முடித்தவர்கள். பழகாதவரை உள்ளே அழைக்கும் வேலையைத் தோரி எடுத்துக்கொண்டார்.

சதுரப் புட்டி

தோற்ற பின் தோரி செய்தது இரண்டு காரியங்கள். ஒன்று, காத்திருந்தார். விற்காமல் கிடந்த பீப்பாய்கள் ஆண்டுக்கு ஆண்டு முதிர்ந்துகொண்டிருந்தன. 1924-ல் வடித்தவை பத்து வயதைத் தாண்டின. தோல்வியே அவருக்கு முதிர்ந்த சரக்கைச் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு, மீண்டும் கலவை மேஜையில் உட்கார்ந்தார். புகையைக் குறைத்து, முதிர்ந்ததையும் இளையதையும் பல அளவுகளில் சேர்த்து முகர்ந்தும் சுவைத்தும் பார்த்தார்.

1937-ம் ஆண்டு அக்டோபரில் புதிய விஸ்கி வந்தது. ஆமை ஓட்டுக் கட்டங்கள் போல் வெட்டிய சதுரப் புட்டி. மக்கள் அதைக் 'காகுபின்', அதாவது சதுரப் புட்டி என்றே அழைத்தார்கள். இம்முறை யாரும் முகம் சுளிக்கவில்லை. மூக்கில் இனிப்பு மணம், வாயில் மென்மை, பின்னணியில் மட்டும் இலேசான புகை. போர்க்காலக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டு விஸ்கி வருவது குறைந்ததும் அதற்கு உதவியது. கம்பெனி பிழைத்தது.

சொந்த வாழ்வில் இடி காத்திருந்தது. தொழிலில் வலக்கையாக இருந்த மூத்த மகன் கிசிதாரோ 1940-ம் ஆண்டு இளம் வயதில் காலமானார். 1945-ல் விமானக் குண்டுவீச்சில் ஒஸாகாவில் இருந்த தலைமை அலுவலகமும் தொழிற்சாலையும் தீக்கிரையாயின. யாமஸாகி தப்பியது. குழி தோண்டி மறைத்து வைத்திருந்த பீப்பாய்களோடு, அறுபத்தாறு வயதில், தோரி மறுபடி ஆரம்பித்தார்.

ஸோடாவும் தெருமுனைக் கடையும்

போருக்குப் பின் ஜப்பானில் கள்ளச் சாராயம் பெருகியது. மீதைல் கலந்ததைக் குடித்துக் கண் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் பலர். 1946-ல் தோரி பழைய 'டோரிஸ்' பெயரில் மலிவான விஸ்கியை வெளியிட்டார். உயர்ந்த சரக்கல்ல, பார்லி விஸ்கியின் பங்கு அதில் சிறிதே. ஆயினும் நம்பிக் குடிக்கக் கூடியதாக இருந்தது.

1950-களில் நகரங்கள்தோறும் 'டோரிஸ் பார்' என்ற சிறு கடைகள் தோன்றின. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் குமாஸ்தா, சட்டைப் பையில் உள்ள சில்லறைக்கு நின்று குடித்துவிட்டுப் போகும் இடம். அங்கே பெரும்பாலும் விற்றது ஹைபால் எனப்படும், ஸோடா நிறையக் கலந்த விஸ்கி. குமிழி பொங்கும், குளிர்ந்த, இலேசான பானம். பீர் குடித்தவருக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. விளம்பரப் பிரிவில் எழுதிக்கொண்டிருந்த இளைஞர்களான கைகோ தகேஷியும் யாமகுச்சி ஹிதோமியும் பின்னர் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசுகளைப் பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள்.

இலாபத்தை மூன்று பங்காக்கி, ஒன்று தொழிலுக்கு, ஒன்று வாடிக்கையாளருக்கு, ஒன்று சமூகத்துக்கு என்பது தோரியின் கொள்கை. 1921-லேயே ஒஸாகாவின் ஏழைகள் வாழும் பகுதியில் இலவச மருத்துவமனை தொடங்கினார். பெயர் சொல்லாமல் மாணவர்களுக்குப் படிப்புச் செலவு கொடுத்தார்.

மகன் கேட்ட அனுமதி

கடைசிக் காலத்தில், இரண்டாவது மகன் கெய்ஸோ ஸாஜி தந்தையிடம் வந்து, பீர் தொழிலில் இறங்கப் போவதாகத் தெரிவித்தார். பீரில் கையைச் சுட்டுக்கொண்ட தோரிக்கு அதன் அபாயம் நன்றாகத் தெரியும். தாம் விஸ்கியில் ஒரு வாழ்நாளைப் பணயம் வைத்ததாகவும், மகனுக்கு அதே துணிவு இருந்தால் செய்து பார்க்கட்டும் என்றும் கூறி அனுமதித்தார். 1961-ல் தலைமைப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். 1962-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, 83-வது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு கம்பெனி 'ஸன்டோரி' என்று பெயர் மாற்றிக்கொண்டு பீரையும் வெளியிட்டது. அந்த பீர் தொழில் முதல் முறையாக இலாபம் கண்டது 2008-ம் ஆண்டில்தான்.

புதியவருக்குத் தோரியின் வழி

1983-க்குப் பின் ஜப்பானில் விஸ்கி விற்பனை ஆண்டுதோறும் சரிந்தது. இளைஞர்கள் பீரோடு நின்றுவிட்டார்கள். 2008 முதல் கம்பெனி தோரியின் பழைய வழிக்கே திரும்பியது. அதே சதுரப் புட்டி விஸ்கியை, பீர் ஊற்றும் கைப்பிடிக் கண்ணாடியில், பனிக்கட்டி நிரப்பி, ஒரு பங்குக்கு நான்கு பங்கு ஸோடா கலந்து உணவுக் கடைகளில் விற்றார்கள். பீர் குடிப்பவர்கள் கை நீட்டினார்கள், விற்பனை திரும்பியது.

பீரிலிருந்து விஸ்கிக்கு மாறுபவர் இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. புகை மணமுள்ள வகைகளைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். நாக்குப் பழகிய பின் அவை காத்திருக்கும். மிக இளைய சரக்கைவிடப் பீப்பாயில் போதிய காலம் கிடந்தது தொண்டைக்கு இதம். வெறுமனே குடிக்காமல் தண்ணீரோ ஸோடாவோ தாராளமாகச் சேர்ப்பது கௌரவக் குறைவல்ல. 30 மில்லி விஸ்கியில் 120 மில்லி ஸோடா சேர்த்தால் அதன் வேகம் நூற்றுக்கு எட்டு அல்லது எட்டரை அளவில் நிற்கும். அது கடுமையான பீருக்கு நிகர்.

மென்மை ஏமாற்றவும் செய்யும் என்பதை மறக்கக் கூடாது. நம் நாட்டில் விற்கும் விஸ்கி பெரும்பாலும் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் கொண்டது. 60 மில்லி கொண்ட பெரிய பெக்கில் சுமார் 26 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. நூற்றுக்கு ஐந்து உள்ள 650 மில்லி பீர் புட்டியில் இருப்பது சுமார் 32 மில்லி. மூன்று பெரிய பெக் என்பது இரண்டு முழு பீர் புட்டிகளுக்கும் மேல். பீர் வயிற்றை நிரப்பித் தானே நிறுத்தச் சொல்லும்; பதமான விஸ்கி அப்படிச் சொல்லாது. எண்ணிக் குடிப்பது குடிப்பவரின் பொறுப்பு.

1984-ல் யாமஸாகியின் பெயரையே தாங்கித் தனி விஸ்கி வெளிவந்தது. 2003 முதல் சர்வதேசப் போட்டிகளில் பரிசுகளைக் குவித்தது. 2023-ம் ஆண்டு யாமஸாகி நூற்றாண்டு கண்டது. பார்லி தின்னும் பூதம் இருப்பதாக ஊரார் சொன்ன இடத்துக்கு இன்று பல நாட்டார் ரயிலேறி வருகிறார்கள்.